கயிற்றைப் பிடித்தவரும் இழுத்தவரும்: தொண்டுக் குழுக்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி (மண்டபம்): எங்கள் கடற்கரைத் துப்புரவுக் குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம். மணலில் புதைந்த பழைய நைலான் வலையைத் தோண்டி எடுப்பவர்கள் என்னவோ ஏழு பேர்தான். மற்றவர்கள் சோம்பேறிகளா?

பதில்: தீர்ப்புச் சொல்லும் முன் கரைவலை இழுப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரே கயிற்றில் பத்துப் பேர் கை வைத்திருக்கையில், யார் மூச்சுப் பிடித்து இழுக்கிறார், யார் கயிற்றோடு சும்மா நடந்து வருகிறார் என்பது பக்கத்தில் நிற்பவருக்கே தெரிவதில்லை. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் இதை அளந்து 1913-இல் வெளியிட்டார்: எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியே இழுக்கையில் தந்த விசையில் ஏறக்குறைய பாதியைத்தான் ஒவ்வொருவரும் தந்தார்கள். எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காததாலும் விசை வீணாகும். ஆகவே பழி முழுவதும் சோம்பலுக்கு உரியதன்று. 1979-இல் அமெரிக்க உளவியலாளர் பிப் லட்டானேயும் உடன் ஆய்வாளர்களும் மக்களைக் கூட்டாகக் கூச்சலிட வைத்துச் சோதித்தபோது, அப்படி வீணாகும் அளவைக் கழித்த பிறகும் முயற்சி குறைந்தது தெரிந்தது. தம் குரல் தனியாக அளக்கப்படும் என்று அறிந்தவர்களிடம் அந்தக் குறைவு இல்லை என்பதை அவர்களே 1981-இல் காட்டினார்கள்.

எனவே "எல்லாரும் வாருங்கள்" என்று அழைப்பதை விடுங்கள். கரையை நூறடித் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு மூன்று பேரும் ஒரு சாக்கும் என்று கொடுத்து, முடிவில் அவரவர் கண்முன்னே சாக்கை நிறுத்து எடையை எழுதுங்கள்.

கேள்வி (கீழக்கரை): படம் எடுக்க மட்டும் வருபவர்களை வாட்ஸாப் குழுவிலிருந்து நீக்கலாமா?

பதில்: வேண்டாம். எடை போட்ட பிறகே படம் என்று வைத்தால் போதும்.

கேள்வி (பாம்பன்): விதி போட்டால் தொண்டு கூலிவேலையாகிவிடாதா?

பதில்: மேலிருந்து ஒருவர் போட்டால் ஆகிவிடும். உங்கள் பக்கத்துச் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் பல நாட்டுப் பொதுவளங்களை ஆராய்ந்து கண்டதும் இதுவே: விதிக்கு உட்படுபவர்களே அதை வகுக்க வேண்டும், தண்டனையும் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகவே ஏற வேண்டும். முதல் முறை வராதவருக்கு, வீட்டுக்குப் போய் நலம் விசாரிப்பதே போதிய தண்டனை.

கேள்வி (தொண்டி): விசைப்படகுத் தொழிலாளர்கள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் வந்து, பிறகு காணாமல் போகிறார்களே?

பதில்: அவர்களை ஓசியில் ஒட்டிக்கொண்டவர்கள் என்று எண்ணாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, வருமானம் நின்றுபோன 61 நாட்களில் அவர்கள் உங்களுக்கு உழைப்பைத் தருகிறார்கள். வருகையை மாதக் கணக்கில் பார்க்காமல் ஆண்டுக் கணக்கில் பாருங்கள். புதைந்த வலைகளை எடுக்கும் கடினமான வேலையை அந்த நாட்களுக்கே ஒதுக்கிவையுங்கள். எந்த முடிச்சை அறுத்தால் வலை முழுதாக வரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.