33 வாட் சார்ஜர் போட்டும் மின்னல் குறி வருவது ஏன்?

கேள்வி: குடியாத்தம் பக்கம் எங்கள் கழனியில், பம்ப் செட் ரூமில் ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு வைத்திருக்கிறேன். ஒரு கேமராவும் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கும் அதில் ஓடுகின்றன. போனுக்கு வந்த 33 வாட் சார்ஜரைத்தான் மாட்டியிருக்கிறேன். திரையில் அடிக்கடி மஞ்சள் மின்னல் குறி வருகிறது. மோட்டார் போட்டால் சில நேரம் ரீஸ்டார்ட் ஆகிறது. மெமரி கார்டு இரண்டு முறை போய்விட்டது. இன்னும் பெரிய சார்ஜர் வாங்கட்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். 65 வாட் வாங்கினாலும் அந்தக் குறி போகாமல் இருக்கலாம்.

சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்று ஒரு வரி இருக்கும். அதைப் படியுங்கள். 33 வாட் என்பது 9 வோல்ட், 11 வோல்ட் போல உயர்ந்த வோல்டேஜில் கிடைக்கும் கணக்கு. போன் கேட்டால்தான் சார்ஜர் அந்த அளவுக்கு ஏறும். பை 4 அப்படிக் கேட்காது. அதற்கு வேண்டியது 5 வோல்ட் மட்டும். உங்கள் சார்ஜரில் 5 வோல்ட்டுக்கு நேராக 2 ஆம்பியர் என்று போட்டிருந்தால், பை-யைப் பொறுத்தவரை அது 10 வாட் சார்ஜர், அவ்வளவுதான்.

போனுக்குள் பேட்டரி இருப்பதால் வோல்ட் கொஞ்சம் இறங்கினாலும் தாங்கிக்கொள்ளும். பை-க்கு அந்த வசதி இல்லை. போர்டுக்கு வந்து சேரும் வோல்ட் ஏறக்குறைய 4.63-க்குக் கீழே போனதும் மின்னல் குறி வரும், போர்டில் உள்ள சிவப்பு விளக்கும் அணையும். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்ட் இன்னும் சரிந்து போர்டு நின்றால் ஃபைல்கள் கெடும். உங்கள் கார்டு இரண்டு முறை போனதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

நான் முதலில் சந்தேகப்படுவது சார்ஜரை அல்ல, கேபிளை. மெல்லிய கேபிளில் போகும் கம்பி, வரும் கம்பி இரண்டும் சேர்ந்து கால் ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தால் போதும். 2 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். சார்ஜர் முனையில் 5 வோல்ட், போர்டில் 4.5. பழுது என்று என்னிடம் வந்த பல போர்டுகளில் பழுதே இருந்ததில்லை. குட்டையான, தடித்த கேபிள் போட்டதும் ஓடத் தொடங்கிவிட்டன. ராஸ்பெரி பை கம்பெனியே விற்கும் அடாப்டர் 5 வோல்ட்டுக்குப் பதில் 5.1 வோல்ட் கொடுப்பதும், கழற்ற முடியாத தடித்த (18 கேஜ்) கேபிளோடு வருவதும் இந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

சார்ஜர் பக்கம் மாட்டும் யுஎஸ்பி மீட்டரை நம்பி ஏமாறாதீர்கள். கேபிளுக்கு முன்னால் இருக்கும் வோல்ட்டைத்தான் அது காட்டும். மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் போர்டில் வரிசையாக நிற்கும் ஊசிகளில் 2-வது பின்னிலும் (5 வோல்ட்) கறுப்பை 6-வது பின்னிலும் (கிரவுண்ட்) வைத்து, கேமராவும் டிஸ்க்கும் ஓடும்போது பாருங்கள். கை மட்டும் நழுவக் கூடாது. பக்கத்தில் இருக்கும் 1-வது பின் 3.3 வோல்ட்; 2-வதோடு அது ஒட்டினால் போர்டே போய்விடும். கை நடுங்கும் என்றால் டெர்மினலில் 'vcgencmd get_throttled' என்று கட்டளை கொடுத்தால் போதும். விடையின் கடைசியில் 50005 என்று வந்தால் இப்போதே வோல்ட் குறைவு; 50000 என்றால் ஸ்டார்ட் ஆன பிறகு எப்போதோ குறைந்திருக்கிறது.

வாங்குவதானால் பை 4-க்கென்றே வரும் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரை வாங்குங்கள். வேறு கம்பெனியானால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும், இன்புட் 100 முதல் 240 வோல்ட் என்பதும் அச்சிட்டிருக்க வேண்டும். நாளைக்கு பை 5-க்கு மாறினால் இது முழுதாகப் போதாது. அது 5 வோல்ட்டிலேயே 5 ஆம்பியர் கேட்கும், பெரும்பாலான லேப்டாப் சார்ஜர்கள் 5 வோல்ட்டில் 3 ஆம்பியரோடு நின்றுவிடும்.

ஹார்ட் டிஸ்க்கைத் தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப்பில் (பல போர்ட் உள்ள பெட்டி) போடுங்கள். டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் மட்டும் ஒரு ஆம்பியர் வரை இழுக்கும். பை 4-இன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான்.

மோட்டார் விஷயம் கொஞ்சம் வேறு. ஸ்டார்ட் ஆகும் நொடியில் லைன் வோல்டேஜ் சட்டென்று விழும். லைன் கடைசியில் இருக்கும் கழனிகளில் இன்னும் அதிகமாக விழும். அடாப்டருக்கு ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து லைன் எடுத்திருந்தால் முதலில் அதை மாற்றி, தனி லைன் இழுங்கள். பவர் பேங்க் போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் கரண்ட் போய்ப் பேட்டரிக்கு மாறும்போது பல பவர் பேங்குகள் ஒரு கணம் நின்று வரும், பை அதிலேயே ரீஸ்டார்ட் ஆகிவிடும். இடைவெளி இல்லாமல் மாறும் சின்ன 5 வோல்ட் யுபிஎஸ் வாங்குங்கள், அதிலும் 3 ஆம்பியர் என்று இருக்க வேண்டும். நம் வேலூர் வெயிலில், அதுவும் தகர ஷீட் போட்ட ரூமில், அடாப்டரைக் காற்று புகாத டப்பாவில் அடைத்து வைக்காதீர்கள்.

இப்போதைக்கு நூறு, இருநூறு ரூபாய்க்கு ஒரு நல்ல குட்டைக் கேபிள் வாங்கிப் போட்டு, மோட்டாரை நான்கைந்து முறை போட்டு நிறுத்திப் பாருங்கள். போர்டில் வோல்ட் 4.8-க்குக் கீழே இறங்காமல் நின்ற பிறகு புதுக் கார்டு போட்டால் போதும்.