நாய்ப் பயிற்சிக்குக் கிளிக்கர் (அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும் சிறு கருவி) எதற்கு? பிஸ்கட் மட்டும் போதாதா?

பிஸ்கட் கொடுத்தாலே நாய் கற்றுக்கொள்ளும். சிக்கல், அதைக் கொடுக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. 'உட்கார்' என்றதும் உட்காருகிறது. நீங்கள் பையில் கைவிட்டுத் தீனியை எடுப்பதற்குள் எழுந்து குதிக்கிறது. குதித்ததற்குத்தான் பரிசு என்று எடுத்துக்கொள்ளும். அது உட்கார்ந்த அதே நொடியில் கிளிக்கர் 'டிக்' என்று ஒலித்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது. தீனி ஓரிரு நொடி தாமதித்து வரலாம்.

ஆனால் முதலில் அந்தச் சத்தத்துக்கு மதிப்பு வர வேண்டும். அமைதியான அறையில் ஒருமுறை அழுத்துங்கள், உடனே சுண்டுவிரல் நக அளவு வேகவைத்த கோழி. இப்படிச் சில தடவை. சத்தம் கேட்டதுமே தீனியைத் தேடித் திரும்பினால் புரிந்துவிட்டது. அதன்பின் கைதவறி அழுத்தினாலும் தீனி கொடுத்தே ஆக வேண்டும். இதில் நாயை ஏமாற்றவே கூடாது.

உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்விலிருந்து வளர்ந்த முறை இது. கயிறு கட்டி இழுக்க முடியாத டால்பின்களையே விசிலும் மீனும் வைத்துப் பழக்கினார்கள். நாய்க்கு மட்டும் அடி எதற்கு?

கூப்பிடுவதற்காகக் கிளிக்கரை அழுத்தாதீர்கள், அது கட்டளை அல்ல. நாய் சத்தத்துக்கு மிரண்டால் துணியில் சுற்றி அழுத்துங்கள், அல்லது பால்பாயின்ட் பேனாவின் 'டிக்' போதும்.