வாஃபரின் குடிக்கும் அப்பாவுக்குக் கீரை கொடுக்கலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: இதய வால்வு மாற்றிய அப்பா இரத்தம் உறைவதைக் குறைக்கும் வாஃபரின் குளிசை குடிக்கிறார், முருங்கை இலைச் சுண்டலை அடியோடு நிறுத்தவா?

நிறுத்தாதீங்க தங்கச்சி. இரத்தத்தை உறைய வைக்கும் 2, 7, 9, 10ஆம் காரணிகளை ஈரல் செய்து முடிக்க, கீரையில் நிறைய இருக்கும் வைட்டமின் கே வேணும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை உடம்பு புதுப்பித்துத் திரும்பவும் பாவிக்கும். வாஃபரின் தடுப்பது அந்தப் புதுப்பித்தலைத்தான். அப்பா வழமையாகச் சாப்பிடும் சாப்பாட்டோடு ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குது என்று காட்டும் சோதனை) பார்த்துத்தான் டொக்டர் அளவு வைத்திருப்பார். கீரையைத் திடீரென விட்டால் இரத்தம் கசியலாம். திடீரெனக் கூட்டினால் வால்வில் இரத்தக் கட்டி பிடிக்கலாம். தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினால், கொழுப்பில் கரையும் இந்த வைட்டமின் இன்னும் நன்றாகச் சேரும்.

வாரம் 3 நாள், 2 கரண்டி என்று பழக்கமென்றால் அப்படியே கொடுங்க. பல் முரசிலோ மூக்கிலோ இரத்தம் வந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்க.