வெள்ளைச் சட்டையில் தொடங்கிய அணி

கேள்வி: பார்சலோனா மகளிர் கால்பந்து அணி அண்மையில் உருவானதுதானா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: இல்லை. 1970ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்றே, இம்மாகுலாதா கபெசெரான் என்ற இளம்பெண்ணின் முயற்சியில் திரண்ட அணி, ஸ்பெயினின் பார்சலோனா கால்பந்துக் கழகத்துக்குச் சொந்தமான காம்ப் நோ அரங்கில் தன் முதல் ஆட்டத்தை ஆடிவிட்டது. ஆனால், ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி நடந்த அக்காலத்தில், கழகத்தின் நீலமும் அடர்சிவப்பும் கலந்த சட்டையோ சின்னமோ அவர்களுக்குத் தரப்படவில்லை. வெள்ளைச் சட்டை அணிந்துதான் களமிறங்கினார்கள். (பரம எதிரியான ரியல் மாட்ரிட் கழகத்தின் நிறம் அது என்பதுதான் வேடிக்கை!) கழகம் அவர்களை முறைப்படி தன் பிரிவாக ஏற்றுக்கொண்டது 2002இல்தான்; தொழில்முறை அணியாக்கியது 2015இல். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் போட்டியின் 2019 இறுதியாட்டத்தில் பிரான்சின் லியோன் அணியிடம் 1-4 என நொறுங்கிய அணி, 2021இல் இங்கிலாந்தின் செல்சி அணியை 4-0 என வீழ்த்தி அந்தக் கோப்பையை முதன்முறையாக வென்றது. அதே காம்ப் நோவில், 2022 ஏப்ரலில் ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் அணியுடன் நடந்த அப்போட்டியின் அரையிறுதியைக் காண 91,648 பேர் வந்திருந்தார்கள்.