கொசுவம் முன்னால் வந்த பொம்மை: வாசகர் கேள்வி–பதில்

நவராத்திரி நெருங்கினாலே இந்தப் பகுதிக்குப் பொம்மைக் கேள்விகள் வரும். வழக்கமாகக் கொலுப் பொம்மையில் மூக்கு உடைந்த வழக்காக இருக்கும். இந்தத் தடவை வந்தவை வேறு ரகம்: பார்பி மாதிரிப் பொம்மைகளுக்குச் சேலை கட்டி, முடியை மாற்றி விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள், வீட்டிலேயே செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள்.

கேள்வி: என் நாத்தனாரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக, அந்தக் காலத்துச் செட்டிநாட்டு ஆச்சி வேஷத்தில் ஒரு பொம்மை கேட்டு, பின்கொசுவம் வேண்டும் என்று வாட்ஸப்பில் பேசி, இணையத்தில் ஆர்டர் கொடுத்தேன். கண்டாங்கிச் சேலை, பின்கொசுவம், கொண்டை, கழுத்தில் கழுத்துரு என்ற செட்டிநாட்டுத் தாலி என்று படத்தில் அவ்வளவு அழகு. 4,800 ரூபாய் முழுவதையும் முன்னாலேயே கட்டினேன். வந்த பொம்மையில் சேலையைப் பசை போட்டு உடம்போடு ஒட்டியிருக்கிறார்கள். கொசுவம் முன்பக்கம் இருக்கிறது. கொண்டை பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. கேட்டால், "கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? (தேவகோட்டை வாசகி)

பதில்: உங்களிடம் இருக்கிற பலமான சாட்சி அந்தக் கொசுவம்தான். "அழகாக இல்லை" என்று புகார் சொன்னால், "எங்கள் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது" என்று பதில் வரும். அதற்கு முடிவே கிடையாது. ஆனால் வாட்ஸப்பில் பின்கொசுவம் என்று நீங்கள் கேட்டு, அவர் சரி என்று சொல்லி, கடைசியில் முன்கொசுவம் வந்திருக்கிறது. இதில் ரசனைக்கு வேலையே இல்லை. ஒப்புக்கொண்ட பொருள் வரவில்லை, அவ்வளவுதான்.

இணையத்தில் தொழிலாக விற்கிறவர்களுக்கு 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள் இருக்கின்றன. பொருள் பழுதாக இருந்தாலும், விளம்பரத்தில் காட்டியபடியோ பேசியபடியோ இல்லாவிட்டாலும், திருப்பி எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. "கஸ்டம் ஆர்டர்" என்று ஒரு வரி போட்டுக்கொள்வதால் இது மாறாது. அந்த வரி நியாயமாவது வேறு இடத்தில்: நீங்கள் கேட்டபடியே செய்து கொடுத்த பிறகு, "மனசு மாறிவிட்டது, வேண்டாம்" என்று சொன்னால்.

செய்ய வேண்டியது இது. பேசிய செய்திகள், அவர் காட்டிய படம், பணம் கட்டிய ரசீது, வந்த பொம்மையின் முன்பக்கம், பின்பக்கம், பசை தெரியும் இடம் எல்லாவற்றையும் படமாக எடுத்து வையுங்கள். என்ன குறை, எவ்வளவு பணம் திரும்ப வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று ஒரு தடவை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 2 வருஷத்துக்குள் போட வேண்டும். என் யோசனையைக் கேட்டால், 4,800 ரூபாய்க்கு முதலிலேயே ஆணையத்துக்கு நடக்காதீர்கள். 1915 புகார் எண்ணைப் பார்த்ததுமே பேச்சு மாறுகிற விற்பனையாளர்கள் நிறையப் பேர்.

கொண்டை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். அது தைத்தவரின் குற்றமாக இல்லாமலும் இருக்கலாம். 2000-க்குப் பிறகு வந்த பல பொம்மைகளில், முடியை உள்ளேயிருந்து பிடித்து நிறுத்தத் தலைக்குள் பசை ஊற்றியிருப்பார்கள். நாளாக நாளாக அந்தப் பசை துளைகள் வழியே கசிந்து முடியில் ஏறும். வெயில் காலத்தில் இன்னும் மோசம். பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிக் காய வையுங்கள். ஒரு வாரத்தில் பிசுபிசுப்பு திரும்பி வந்தால் அது தலைக்குள் இருக்கிற பசைதான். சோள மாவு தூவி, ஊற வைத்துச் சீவி எடுத்தால் கொஞ்ச நாள் தாங்கும். முழுத் தீர்வு வேண்டுமென்றால் தலையைக் கழற்றி, பசையைச் சுரண்டி, முடியை மறுபடி நட வேண்டும். இந்தக் குறையைப் புகாரில் கடைசியாக வையுங்கள், முதல் குறையாக வேண்டாம்.

சேலையைப் பிரிக்கப் போகிறீர்களென்றால், பணம் முடிவான பிறகு பிரியுங்கள். குளூ கன்னில் போட்ட பசையின் ஓரத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு வைத்தால் பிடி விட்டுவிடும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை மட்டும் எடுக்காதீர்கள். அதில் இருக்கும் அசிட்டோன் முகத்து வண்ணத்தை அழித்துவிடும், மார்புப் பகுதியின் கெட்டிப் பிளாஸ்டிக்கைக் கரைத்தும்விடும்.

கேள்வி: மகளின் பழைய பொம்மைக்கு முடி சிக்குப் பிடித்துத் தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் பட்டுப் போல ஆகும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். நம்பலாமா? கொண்டை போட ஆசை. (காரைக்குடி வாசகர்)

பதில்: முடி எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. நைலான், சாரன் என்ற செயற்கை இழைகள் சுடுதண்ணீருக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். கனெகலான் என்ற செயற்கை இழை சூடு அதிகமானால் சுருங்கிப் பொசுங்கும். மலிவான பொம்மைகளில் இருக்கும் பாலிபுரொப்பிலீன், என்ன செய்தாலும் சொன்ன பேச்சு கேட்காது.

கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: பிடரியில், வெளியே தெரியாத இடத்தில் நாலைந்து இழை வெட்டுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, இழைகளை விரலால் உள்ளே அமுக்கிவிடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் எந்த இழையும் மேலேயே மிதந்து ஏமாற்றும். மறுபடி மேலே ஏறி மிதந்தால் பாலிபுரொப்பிலீன். அதற்குச் செலவழிக்காதீர்கள். மூழ்கினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம், ஆனால் கனெகலானும் மூழ்கும் என்பதால் அதே இழைகளைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பார்த்துவிட்டுத் தலைக்குப் போங்கள்.

முதலில் கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து மேல் நோக்கி, அகலப் பல் சீப்பால் சிக்கெடுங்கள். வேரிலிருந்து இழுத்தால் கொத்தோடு வரும். பிறகு ஸ்ட்ராத் துண்டுகளில் முடியைச் சுற்றி, அடுப்பிலிருந்து இறக்கி ஓரிரு நிமிடம் ஆறிய தண்ணீரை முகத்தில் படாமல் ஊற்றி, உடனே குளிர்ந்த தண்ணீர் விட்டு, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். பொறுமையில்லாமல் மாலையே அவிழ்த்துப் பார்த்த என் பொம்மைக்கு ஒரு பக்கம் சுருள், ஒரு பக்கம் துடைப்பம்.

கொண்டை ஆசைக்கு ஒரு எச்சரிக்கை. ஆலையில் முடி நடும்போது தலைவிரிகோலத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் நடுவார்கள். தூக்கிக் கட்டினால் வரிசைகளுக்கு நடுவே வழுக்கை தெரியும். கொண்டை போட்ட பொம்மையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள், "முடியை மறுபடி நட்டதா, இருந்ததையே இழுத்துக் கட்டினதா?" என்று கேளுங்கள், பின்தலைப் படமும் கேளுங்கள்.

கேள்வி: கானாடுகாத்தானில் வீட்டிலிருந்தே பொம்மை உடுப்பு தைக்கிறேன். அசல் கைத்தறிக் கண்டாங்கியை வெட்டித்தான் தைக்கிறேன். ஆனாலும் சேலை உடம்போடு படியாமல் உப்பிக்கொண்டு நிற்கிறது. வாங்கியவர் ஒருவர் பொம்மையின் காது பச்சையாகிவிட்டது என்று சண்டைக்கு வருகிறார். நான் என்ன தப்பு செய்தேன்?

பதில்: தங்கச்சி, அசல் துணியை வெட்டியதுதான் தப்பு. 29 சென்டிமீட்டர் பொம்மை நம்மில் ஆறில் ஒரு பங்கு. 5.5 மீட்டர் சேலை அதற்கு 92 சென்டிமீட்டர். அகலம் 20 சென்டிமீட்டர் போதும். அளவை ஆறில் ஒன்றாக்கிவிடலாம், நூலின் கனத்தை ஆக்க முடியுமா? கண்டாங்கியின் பெருமையே அந்த முரட்டுப் பருத்திதான். பொம்மை இடுப்பில் அது கொசுவமாக மடியாது. கட்டத்தையும் பாருங்கள்: நமக்கு ஒரு அங்குலக் கட்டம், அதற்கு ஆறு அங்குலம். சேலை கட்டின மாதிரி இல்லாமல் ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சுற்றி நிறுத்தின மாதிரி இருக்கும்.

மெல்லிய மல் துணியை எடுத்து, கஞ்சியை நன்றாகப் போக்கி, கடுகு மஞ்சளோ அரக்கோ சாயம் ஏற்றி, கட்டத்தைத் துணி வண்ணத்தால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கரைக்கு ஒல்லியான ரிப்பன். பின்கொசுவத்தை நனைத்து மடித்து, நூலால் கட்டி, ஒரு ராத்திரி வைத்திருந்து அவிழ்த்தால் அப்படியே நிற்கும். நம் வீடுகளில் ரவி வர்மா அச்சுப் படங்களுக்குத் துணியும் ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்து லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் சேலை கட்டி மாட்டினார்களே, அவர்களும் அந்த அளவுக்குத் தக்க மெல்லிய துணியைத்தான் தேடினார்கள்.

ஆனால் விற்கும்போது "கண்டாங்கி மாதிரி" என்று சொல்லுங்கள். காரைக்குடிக் கண்டாங்கி 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கைத்தறிச் சேலை. கோடு போட்ட மல் துணியை அந்தப் பேரில் விற்றால் புகார் உங்கள் மேல் வரும். அதே போல, பார்பி ஒரு கம்பெனிக்குச் சொந்தமான பேர் என்பதால், "பார்பி சேலை" என்று எழுதுவதற்குப் பதில் "29 செ.மீ. பொம்மைக்குப் பொருந்தும் சேலை" என்று எழுதுங்கள்.

காது பச்சையானதற்குக் காரணம் கவரிங். உள்ளே செம்போ பித்தளையோ இருக்கிற தோடு, பொம்மைத் தலையின் மெத்தென்ற பிளாஸ்டிக்கான வினைலோடு நாள்பட ஒட்டியிருந்தால் பச்சைக் கறை உள்ளேயே இறங்கும். பழைய பார்பி சேகரிப்பவர்களின் தீராத தலைவலி அது. கழுத்துருவைக் கவரிங் கம்பியில் கோர்க்காமல் பாசிமணியில், நூலில் கோருங்கள். தோட்டுக்கு எவர்சில்வர் குண்டூசி. அரக்கு, கறுப்புச் சாயமும் இதே போலத் தொடையில் இறங்கும். தண்ணீரில் சாயம் விடாமல் தெளிகிற வரை அலசி, உள்ளே வெள்ளை லைனிங் கொடுங்கள். சாயக் கறைக்குப் பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்ஸைடு களிம்பைத் தடவி வெயிலில் வைத்து எடுப்பார்கள். வினைலின் நிறமும் வெளுக்கலாம் என்பதால் முதுகில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். அந்த வாடிக்கையாளருக்குத் தோட்டின் விலையையாவது திருப்பிக் கொடுங்கள். நியாயம் அவர் பக்கம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து பொம்மை வாங்கும்போது "கிஃப்ட்" என்று எழுதச் சொன்னால் வரி மிச்சமா?

பதில்: இல்லை. 2019 டிசம்பரிலேயே, ராக்கியையும் உயிர் காக்கும் மருந்தையும் தவிர்த்து, பரிசு என்ற பேரில் வரியில்லாமல் தபாலிலும் கூரியரிலும் தருவிப்பதை நிறுத்திவிட்டார்கள். வரியையும் சேர்த்து விலை கணக்குப் போடுங்கள். உள்ளூரில் குழந்தைக்கு என்று வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள்; 14 வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம்.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடையில் ஒரு ஜப்பான் பொம்மை வாங்கினேன். "யுத்தத்துக்கு முன்னால் பர்மாவிலிருந்து ஒரு செட்டியார் வீட்டுக்கு வந்தது" என்று சொல்லி நல்ல விலை வாங்கிவிட்டார்கள். முதுகில் ஆங்கிலத்தில் "மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்" என்று இருக்கிறது. கிழிந்த கவுனைக் கழற்றிவிட்டுப் பட்டுப் பாவாடை தைத்து, முகத்தையும் புதுசாக்கிக் கொலுவில் வைக்கலாமா? (பள்ளத்தூர் வாசகி)

பதில்: முதுகே உண்மையைச் சொல்லிவிட்டது. ஜப்பான் அமெரிக்கர் பிடியில் இருந்தபோது, 1947 முதல் 1952 வரை ஏற்றுமதிச் சாமான்களில் போட்ட முத்திரை அது. பர்மாவில் ஜப்பான்காரன் நுழைந்து நம்மவர்கள் கால்நடையாகத் திரும்பியது 1942-ல். ஆகவே பொம்மை பழசுதான், கதை மட்டும் புதுசு. கதைக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பில்லில் அந்தக் கதையை எழுதி வாங்கியிருந்தால் வழக்கு பலம், வாய்ப் பேச்சாக இருந்தால் பேரம்தான். முத்திரையில் வருஷம் இருந்தாலும் உஷார்: பார்பி முதுகில் "1966" என்று இருப்பது அந்த உடம்பு அச்சுக்கு உரிமை பதிந்த வருஷம். அதே அச்சில் பல வருஷங்களுக்குப் பிறகும் பொம்மை வந்திருக்கிறது.

புதுசாக்கும் எண்ணத்தை விடுங்கள். எடை காற்றாக இருந்து, தட்டினால் கிண்ணென்று மெல்லிய ஓட்டுச் சத்தம் வந்து, விரலால் அழுத்தித் தேய்த்தால் கற்பூர வாசம் அடித்தால் அது செல்லுலாய்டு என்ற பழைய காலத்துப் பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் முகம் கரையும். சுடுதண்ணீர் ஊற்றினால் வளையும். தீ பட்டால் குப்பென்று பற்றும். கொலுவில் சீரியல் பல்பு பக்கமோ குத்துவிளக்குப் பக்கமோ கண்டிப்பாக வேண்டாம்.

பாவாடை தையுங்கள், தப்பில்லை. இடுப்பில் நாடா வைத்து, ஒட்டாமல், ஊசி படாமல், கழற்றி மாட்டுகிற மாதிரி. கழற்றின கவுனைத் துவைக்காமல், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிக் காற்றாடும் அட்டைப் பெட்டியில் பொம்மையின் பேரிலேயே வைத்திருங்கள். நாளைக்கு விற்க நினைத்தால், சேகரிப்பவர் முதலில் அந்தக் கிழிந்த கவுன் எங்கே என்றுதான் கேட்பார்.