காடு: வாசகர் கேள்வி பதில் - நடுறதுக்கு முன்னாடி ஒரு மழைக்காலம் பாருங்க

கேள்வி: நாங்க ஒரு குழுவா சேர்ந்து, அழிஞ்சு போன ஒரு காட்டுப் பகுதியில மரம் நடப்போறோம். என்ன மரம், எத்தனை கன்னு, எவ்ளோ இடைவெளின்னு சொல்லுங்களேன்.

பதில்: அதுக்கு முன்னாடி நான் ஒன்னு கேக்குறேன், மழை பெஞ்சு கொஞ்ச நாள்ல அந்த இடத்துக்குப் போய் குனிஞ்சு பாத்தீங்களா? வெட்டுன மரத்தோட அடிக்கட்டையில துளிர் வருதா, புல்லுக்குள்ள முழங்கால் உயரத்துல காட்டு மரக்கன்னு தானா நிக்குதா, பக்கத்துல எங்கயாவது நல்ல காடு மிச்சம் இருக்கா, அங்கருந்து பறவையும் வௌவாலும் இந்தப் பக்கம் வந்து போகுதா... இதெல்லாம் இருந்துச்சுன்னா பெரும்பாலும் நடவே வேணாம். தீ வராம, ஆடு மாடு கடிக்காம பாத்துக்கிட்டு, கன்னைச் சுத்தி களை எடுத்து விட்டா அதுவே ஏறி வந்துரும்.

நைஜர் நாட்டுல டோனி ரினாடோன்னு ஒரு ஆஸ்திரேலியர் வேலை பாத்தாரு, நட்ட கன்னுல முக்காவாசி செத்துக்கிட்டே இருந்துச்சு. 1983 வாக்குல அவர் ஒன்னு கவனிச்சாரு, நிலத்துல வெறும் புதருன்னு எல்லாரும் நினைச்சு ஒதுக்குனது எல்லாம் எப்பவோ வெட்டுன மரங்களோட துளிர், மண்ணுக்குக் கீழ வேர் இன்னும் உசுரோட இருக்கு. விவசாயிங்க ஒவ்வொரு கட்டையிலயும் நல்லா வர்ற சில தண்டை மட்டும் விட்டுட்டு மத்ததைக் கழிச்சு விட ஆரம்பிச்சாங்க, அடுத்த இருபது வருஷத்துல சுமார் 50 லட்சம் ஹெக்டேர்ல மரம் திரும்பி வந்துச்சு, ஒரு மதிப்பீட்டுப்படி 20 கோடி மரம். அது விவசாய நிலம், காடு இல்லதான், ஆனா வேர் விஷயத்துல காட்டுக்கும் இதே கதைதான்.

பிலிப்பைன்ஸ்ல கோகான்னு ஒரு உயரமான புல்லு, வெட்டுனா மறுபடி வேகமா வரும், தீ புடிச்சா பரபரன்னு எரியும். அதை வெட்டாம ஒரு பலகையை வச்சு மிதிச்சு மடக்கி விடுறாங்க, மடிஞ்ச புல்லு உடனே நிமிராது, உள்ள ஒளிஞ்சிருந்த கன்னுக்கு வெயில் கிடைக்குது, தீயும் முன்ன மாதிரி உயரமா எழும்பாது. செலவுன்னு பாத்தா ஒரு பலகையும் கயிறும் ஆள் கூலியும்தான்.

அடிக்கட்டையும் இல்ல, கன்னும் இல்ல, களை மட்டும்தான் மண்டிக் கிடக்குதுன்னா அப்ப நடுங்க. அந்தந்தக் காட்டுக்கே சொந்தமான இருபது முப்பது வகை மரம், கலந்து நடணும். வேகமா வளந்து நிழல் போடுறதும் வேணும், மெதுவா வளர்ற முதிர்காட்டு மரமும் வேணும், பறவையைக் கூப்பிடுற பழ மரம் கட்டாயம் வேணும். அத்தி வகை உங்க பக்கத்துக் காட்டுல இருந்தா அதை விட்டுறாதீங்க, அதோட பழத்துக்கு வராத ஜீவன் கம்மி.

கேள்வி: ஒரே நாள்ல லட்சம் கன்னு நடுற விழா நடத்தலாமா?

பதில்: வேணாங்க. துருக்கியில 2019 நவம்பர் 11ஆம் தேதி நாடு முழுக்க 1 கோடியே 10 லட்சம் கன்னு நட்டாங்க, சில மாசத்துலயே ஒரு ஊழியர் சங்கம் தாங்க போய்ப் பாத்த இடங்கள்ல 90 சதவீதம் வரைக்கும் காஞ்சு போச்சுன்னு சொல்லிச்சு, அரசாங்கம் அதை மறுத்துச்சு. யார் கணக்கு சரியா இருந்தாலும் நாள் பாத்து நடக்கூடாது, மழை பாத்து நடணும்.

கேள்வி: தைலமரம், அகேசியா எல்லாம் சடசடன்னு வளருது, பச்சையாத்தானே இருக்கு, அதுல என்ன தப்பு?

பதில்: பச்சையா இருக்குறது எல்லாம் காடு இல்லங்க. 2011ல பான் சேலஞ்ச்னு காட்டை மீட்குறதுக்கு உலக அளவுல ஒரு இலக்கு வச்சாங்க, 2014ல அதை 2030க்குள்ள 35 கோடி ஹெக்டேர்னு பெருசாக்குனாங்க. 2019ல சில விஞ்ஞானிங்க நாடுகள் குடுத்த வாக்கைப் பிரிச்சுப் பாத்தா அதுல 45 சதவீதம் வெட்டி விக்கிற தோப்பு! தானா மீண்டு வர்ற காடு அந்த மாதிரி தோப்பை விட கார்பன் சேமிக்கிறதுல சராசரியா 40 மடங்கு மேலன்னும் அவங்களே கணக்குப் போட்டாங்க, ஏன்னா தோப்பை பத்து வருஷத்துல வெட்டிருவாங்க, புடிச்ச கார்பன்ல பெரும்பகுதி திரும்ப காத்துக்கே போயிரும்.

தென்னாப்பிரிக்காவுல வாட்டில்ங்கிற அகேசியா வகை மாதிரி வெளியிலருந்து வந்த மரங்க ஆத்துத் தண்ணிய உறிஞ்சுதுன்னு 1995லருந்து அரசாங்கமே ஏழை ஜனங்களுக்கு கூலி குடுத்து வெட்டி எடுத்துக்கிட்டு இருக்கு. விறகுக்கு ஊர் ஓரமா தனியா ஒரு தோப்பு வைங்க, அது நல்லதுதான், காட்டுக்குள்ள அழுத்தம் குறையும். காட்டுக்குள்ள மட்டும் கொண்டு போகாதீங்க.

கேள்வி: காலி புல்வெளி நிறைய கிடக்கு, அங்கயும் நடலாமா?

பதில்: அது எப்பவுமே புல்வெளியா இருந்த இடம்னா நடக்கூடாது. அங்க வாழுற பறவைக்கும் மானுக்கும் மரம்தான் எதிரி. ஊர்ல வயசானவங்க கிட்ட கேளுங்க, பழைய வரைபடம் இருந்தா பாருங்க.

கேள்வி: பக்கத்து ஊர்க்காரங்கதான் விறகு வெட்டுறாங்க, மாடு விடுறாங்க. வேலி போட்டு காவல் வச்சா போதாதா?

பதில்: இந்தக் கேள்வி அடிக்கடி வருது, எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு. அவங்க அந்தக் காட்டை நம்பித்தான் அடுப்பு எரிக்கிறாங்க, வேலி போட்டா ராத்திரி வந்து வெட்டுவாங்க, தீ புடிச்சா அணைக்க வரமாட்டாங்க, அவ்ளோதான் நடக்கும். நேபாளத்துல 1957ல தனியார் காட்டை எல்லாம் அரசுடைமை ஆக்குனாங்க, காப்பாத்தத்தான் செஞ்சாங்க, ஆனா இனிமே இது நம்மளது இல்லன்னு ஆனதும் வெட்டு கூடிப்போச்சு. 1993 சட்டத்துல காட்டைப் பாத்துக்குற பொறுப்பையும் அதுலருந்து வர்ற வருமானத்தையும் ஊர்க் குழுக்கள் கையில குடுத்தாங்க, இன்னைக்கு 22,000க்கு மேல குழு இருக்கு. 1992ல நாட்டுல 26 சதவீதமா இருந்த காடு 2016ல 45 சதவீதம். ஆளுங்க வேலை தேடி வெளிநாடு போனதும் ஒரு காரணம், இல்லன்னு சொல்லல, ஆனா குழு இல்லாம இவ்ளோ தூரம் வந்திருக்காதுன்னுதான் நான் நினைக்கிறேன். நைஜர்லயும் மரம் அரசாங்கத்துது, தொட்டா அபராதம்னு இருந்த வரைக்கும் எவரும் துளிரைக் காப்பாத்தல, என் நிலத்து மரம் எனக்குன்னு ஆன பிறகுதான் பரவுச்சு.

கென்யாவுல வங்காரி மாத்தாய் 1977ல கிரீன் பெல்ட் இயக்கம் ஆரம்பிச்சப்ப, பொம்பளைங்களுக்கு கன்னு பிழைச்சாத்தான் காசுன்னு வச்சாங்க. சின்னத் தொகைதான், ஆனா நட்டுட்டுப் போற பழக்கமே இல்லாமப் போச்சு.

ஒரு எச்சரிக்கை, குழுன்னு பேர் வச்சுட்டு ஊர்ப் பெரிய மனுஷங்க நாலு பேர் மட்டும் உக்காந்து முடிவு பண்ணா விறகு பொறுக்குற பொம்பளைங்களும் மாடு மேய்க்கிறவங்களும்தான் அடிபடுவாங்க. எந்தப் பக்கத்தை மூடுறது, எந்தப் பக்கம் மேய்ச்சலுக்குன்னு அவங்களை வச்சுக்கிட்டே பேசுங்க.

கேள்வி: காட்டு மர விதைக்கு எங்க போறது? நர்சரியில கிடைக்கல.

பதில்: நீங்களேதான் சேகரிக்கணும், ஊர்க்காரங்க கூட சேர்ந்து. எந்த மரம் எந்த மாசம் பழுக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஒரே மரத்துலருந்து எடுக்காதீங்க, தள்ளித் தள்ளி நிக்கிற நிறைய தாய் மரத்துலருந்து எடுங்க, கீழயும் மிச்சம் விடுங்க. மழைக்காட்டு மரங்க நிறையதுக்கு விதையைக் காய வச்சா செத்துரும், சில நாள்லயே விதைக்கணும். பிரேசில்ல ஷிங்கு ஆத்துப் பக்கம் 2007லருந்து பழங்குடி மக்களும் சிறு விவசாயிங்களும் விதை சேகரிச்சு விக்கிறாங்க, அதுல பெரும்பாலும் பொம்பளைங்க, பல வகை விதையை மணலோட கலந்து நேரா நிலத்துலயே தூவுறாங்க, கன்னு வளக்குற செலவே இல்ல.

கேள்வி: எத்தனை வருஷம் ஆகும்?

பதில்: நல்லா செஞ்சா ரெண்டு மூணு வருஷத்துல நிழல் மூடிரும், களை அடங்கும். முழுக் காடு ஆக நம்ம ஆயுசு பத்தாது. ஆனா சரியான பாதையில போகுதான்னு சீக்கிரமே தெரிஞ்சுக்கலாம், நீங்க நடாத மரம் முளைக்குதான்னு பாருங்க. தாய்லாந்துல சியாங் மாய் பல்கலைக்கழக ஆளுங்க ஹ்மாங்னு சொல்ற மலைவாழ் மக்களோட ஒரு கிராமத்தோட சேர்ந்து மலைமேல மீட்ட இடத்துல எட்டு ஒம்பது வருஷத்துல நடாத மரமே 73 வகை வந்துச்சு, பெரும்பாலும் பறவையும் விலங்கும் கொண்டு வந்தது. அந்த ஊர்க்காரங்கதான் நர்சரி பாத்தாங்க, வருஷா வருஷம் தீத்தடுப்புக் கோடு வெட்டுனாங்க. அதனால பட்ஜெட் போடும்போது களை எடுக்கவும் தீக்காவலுக்கும் ரெண்டு மூணு வருஷத்துக் கூலியை மொதல்ல ஒதுக்கிருங்க, மிச்சம் இருக்குற காசுக்கு எத்தனை கன்னு வருதோ அத்தனை நடுங்க.