வாடகை வீட்டை விடுதியாக்க யார் யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

கேள்வி: ராயபுரத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கம் படிக்கவும் வேலைக்கும் வரும் பெண்களுக்கு அறை அறையாக விட எண்ணியிருக்கிறேன். காலமான தன் அப்பா பெயரில் உள்ள அந்த வீட்டுக்கு மூத்த மகன்தான் வாடகை வாங்குகிறார். "வாடகை ஒழுங்காக வந்தால் போதும், யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுக்கலாமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த நகை இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும். அவர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, வாடகைதாரர் வீட்டை உள்வாடகைக்கு விட உரிமையாளரின் எழுத்துமூலமான ஒப்புதலை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். அது இல்லாமல் வீட்டைப் பிறர் கையில் ஒப்படைத்தால், அதையே காரணமாகக் காட்டி உங்களைக் காலி செய்யச் சொல்ல முடியும். அப்போது உங்களை நம்பிப் பணம் கட்டிவிட்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பெண்களும் பெட்டியோடு தெருவில் நிற்க நேரும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

அடுத்து, ஒப்புதல் தர அவர் ஒருவருக்கே உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் இந்துக்களாக இருந்து, அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்திருந்தால், மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாயார் இருந்தால் அவரும், சம பங்குக்கு உரியவர்கள். மணமாகிப் போன மகளுக்கும் அதே பங்கு உண்டு. மூத்தவர் வாடகை வாங்குவதால் மற்றவர்களின் உரிமை அற்றுப்போவதில்லை. வடசென்னையின் பழைய தெருக்களில் தாத்தா பெயரிலேயே பத்திரம் கிடக்கும் வீடுகள் ஏராளம் என்பதால், வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் கேட்டு வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். எந்த மதத்தவராயினும் வாரிசுகள் அனைவரும் கையெழுத்திடட்டும். வெளியூரில் இருப்பவர் பதிவு செய்த அதிகாரப் பத்திரம் கொடுக்கட்டும். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால், வாடகைக்கு விடுவது பற்றிக் கடன் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதும் தெரிய வேண்டும். கட்டடம் மட்டும் அவர்களுடையதாக இருந்து அடிமனை கோயிலுக்குச் சொந்தமானால், கோயிலோடு அவர்கள் செய்துள்ள ஏற்பாட்டையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இவர்கள் எல்லோரும் சம்மதித்தாலும் அரசின் அனுமதி தனி. பெண்கள் விடுதி நடத்துபவர்கள், 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் முறைப்படுத்தும் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். "நாலு பெண்கள்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், கேட்காதீர்கள். பிறர் வீட்டுப் பெண்களின் பாதுகாப்பைப் பொறுப்பேற்கிறவர் அந்த உரிமத்தைச் சுமையாக நினைக்கக் கூடாது. அறைகளைத் தடுக்கவோ மொட்டை மாடியில் கூடுதலாகக் கட்டவோ எண்ணினால், உரிமையாளரிடமும் மாநகராட்சியிலும் முதலில் கேளுங்கள். சாப்பாடும் போடுவதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு தேவை.

ஒப்பந்தத்தில் விடுதி நடத்தவே வீடு எடுக்கப்படுகிறது என்பதையும், எத்தனை பேர் தங்கலாம், எத்தனை ஆண்டு, அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும் என்பவற்றையும் தெளிவாக எழுதி, அந்த வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தங்களைப் பதியும் வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையானால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும். அதன் பிறகே, வங்கி வழியாக மட்டும், அட்வான்ஸ் கொடுங்கள். நடுவில் வீடு திரும்ப வேண்டுமென்றால், தங்கியிருக்கும் பெண்கள் வேறு இடம் பார்க்க மூன்று மாதமாவது அவகாசம் தரப்படும் என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு அவர்கள் இணங்கவில்லை என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு வீடு பாருங்கள்.